கம்பளமும் குழந்தையும்

1

தார்மீகப் பிரச்னை என்று பேச உட்காரும்போது நாம் பெரிய விஷயங்களையே எடுத்துக்கொள்கிறோம். கொலை செய்யலாமா, பொய் சொல்லலாமா, கடவுள் இல்லையென்றால் எல்லாமே அனுமதிக்கப்பட்டதுதானா. இந்தக் கேள்விகளில் ஒரு சௌகரியம் இருக்கிறது. நம்மில் அநேகமாக எல்லோருமே கொலைக்கான சந்தர்ப்பம் வாய்க்காமலே ஆயுளைக் கழித்துவிடுவோம். எந்தப் பதிலைச் சொன்னாலும் மறுநாள் காலை அதனால் எதுவும் மாறிவிடப் போவதில்லை. கையில் பால் டம்ளருடன் இரண்டு வயதுக் குழந்தை ஹாலில் விரித்திருக்கும் கம்பளத்தை நோக்கி நடந்து வருகிறது. தடுப்பதா, விடுவதா என்ற கேள்வி அப்படிப்பட்டதல்ல. அரை நிமிஷத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். நாளைக்குப் பத்துத் தடவை சொல்லியாக வேண்டும். நாம் சொன்ன பதிலை நாம் மறந்துவிட்ட பிறகும் குழந்தை வைத்துக்கொண்டிருக்கும்.

ஆனால் இந்தக் கேள்வியைத் தத்துவத்தின் எல்லைக்குள் யாரும் சேர்ப்பதில்லை. பெண்கள் பத்திரிகைகளின் வீட்டுக் குறிப்புப் பகுதிக்கு அது ஒதுக்கப்பட்டுவிட்டது. சமையல் சோடா, வினிகர், பழைய துணி, வெயில். அங்கே கேள்வி எப்போதும் 'எப்படி' என்பதுதான். குழந்தைகள் இருக்கும் வீட்டில் கம்பளத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்வது எப்படி? யாருக்காக, யார் கையால் என்ற இரண்டு கேள்விகள் இந்த 'எப்படி'க்கு அடியில் மடித்து வைக்கப்பட்டிருப்பதை அந்தப் பகுதி கவனிப்பதில்லை. நாமும் கவனித்ததில்லை. சுத்த இலக்கியம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு நம் சிறு வட்டத்தில் எத்தனையோ வருஷங்களாகச் சண்டை போட்டு வந்திருக்கிறோம். அதில் இலக்கியம் என்ற பாதியைப் பற்றிப் பேசிய அளவு சுத்தம் என்ற பாதியைப் பற்றிப் பேசவில்லை. அது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி என்று விட்டுவிட்டோம்.

எனக்கு அது தெரிந்த சங்கதியாகப் படவில்லை. சுத்தம் என்ற ஒரே வார்த்தைக்குள், ஒன்றுக்கொன்று நேர் விரோதமான இரண்டு மனோபாவங்கள் குடியிருக்கின்றன என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. அவற்றைப் பிரித்துப் பார்க்கக் கம்பளம் நல்ல கருவி.

2

முதலில் பொருளைப் பற்றி. நம் ஊர் விரிப்பு என்றால் ஜமக்காளம்தான். பவானியில் நெய்வது பேர் பெற்றது. 2005-06இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பருத்தி நூல், பட்டை பட்டையாகக் கெட்டிச் சாயம், தட்டையான நெசவு. அதன் மேல் மயிர் கிடையாது. விழுந்தது விழுந்த இடத்திலேயே கண்ணுக்குத் தெரியும். இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து உதறினால் மண் போய்விடும். கிணற்றடியிலோ ஆற்றிலோ அடித்துத் துவைத்தால் ஜமக்காளத்துக்கு ஒன்றும் நேர்ந்துவிடாது. கல்யாணத்தில் நூறு பேர் உட்கார்ந்து எழுந்து, வெற்றிலைச் சாறும் பாயசமும் சிந்தி, மறுநாள் கொடியில் தொங்கும். அழுக்காகும் என்பதை ஒப்புக்கொண்டு நெய்யப்பட்ட பொருள் அது.

முடிச்சுப் போட்டு நெய்த கம்பளியின் கம்பளம் வேறு ஜாதி. பாவு நூலில் ஒவ்வொரு முடிச்சாகக் கட்டி, நுனியை வெட்டிவிட்டு, அந்த நுனிகளின் நெருக்கத்தாலேயே மேற்பரப்பை உண்டாக்குகிறார்கள். காலுக்கு மெத்தென்று இருப்பதற்குக் காரணமான அந்த அடர்த்திதான் அழுக்கை மறைக்கவும் செய்கிறது. மேலே விழுந்த மண் கண்ணுக்குத் தெரியாமல் அடிவரைக்கும் இறங்கிவிடும். அங்கே கிடந்து, மேலே கால் படும்போதெல்லாம் மயிரின் வேரை அறுக்கும். பார்வைக்குப் பளிச்சென்று இருக்கிற காலத்திலேயே கம்பளம் உள்ளே தேய்ந்துகொண்டிருக்கும். தண்ணீர் தாராளமாகப் பட்டால் அடி நூல் காய நாளாகும். காயாவிட்டால் நாறும், பிறகு இற்றுப்போகும். நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் இது இன்னும் மோசம்.

இதைக் கொண்டு முடிச்சுக் கம்பளமே குழந்தைகளுக்கு விரோதமான பொருள் என்று முடிவு கட்டுவது தப்பு. கம்பளத்தைத் தன்னுடையதாகக் கொண்ட ஈரான் நாட்டில் குழந்தை பிறந்து தவழ்வதும், பெரியவர்கள் சாப்பிட்டுத் தூங்குவதும் அதன் மேல்தான். செருப்பு வாசலோடு நின்றுவிடும். சாப்பாட்டு வேளையில் கம்பளத்தின் மேல் ஸொஃப்ரே என்ற துணியை விரிப்பார்கள். முடிந்ததும் பருக்கைகளோடு சேர்த்து மடித்து எடுத்துவிடுவார்கள். நவ்ரூஸ் என்ற வசந்தகாலப் புத்தாண்டு வருமுன் வீட்டையே உதறிப்போட்டுச் சுத்தம் செய்யும் வழக்கம் உண்டு. கம்பளங்களைக் கழுவுவது அதில் முக்கியமான வேலை. தெஹ்ரானுக்குத் தெற்கே ரே நகரில் செஷ்மே அலி என்ற சுனையில் கம்பளங்களைக் கழுவிப் பாறைகளின் மேல் காயப்போடுவது ஒரு காலத்தில் பெயர் பெற்ற காட்சி. அந்த வாழ்க்கையில் கம்பளம் தரையாகவே இருக்கிறது. நம் வீடுகளுக்கு வரும்போது அது தரையின் மேல் வைக்கப்பட்ட காட்சிப் பொருளாகிவிடுகிறது. நம் மொசைக் தரைக்கும் வெயிலுக்கும் அதற்கு அவசியமே கிடையாது. அவசியம் இல்லாததாலேயே அதைக் காப்பாற்றுவதில் நமக்கு இத்தனை அக்கறை.

இங்கே இரண்டு சுத்தங்களும் பிரிகின்றன. அழுக்கு நேராமல் தடுப்பதால் கிடைப்பது ஒன்று. நேர்ந்த அழுக்கைப் போக்குவதால் கிடைப்பது மற்றொன்று. முன்னதற்குத் தடை போதும். பின்னதற்கு உழைப்பு வேண்டும். ஆட்கள் எவ்வளவுக்கு வராமல் இருக்கிறார்களோ அவ்வளவுக்குத் தடுப்புச் சுத்தம் வெற்றி பெறும். போக்கும் சுத்தமோ ஆட்கள் வந்துபோவார்கள் என்பதிலிருந்துதான் தொடங்குகிறது.

3

தடுப்புச் சுத்தம் குழந்தைக்கு என்ன கற்பிக்கிறது?

சோறு தட்டில் இருக்கும்வரை சோறு. கம்பளத்தில் விழுந்தால் அழுக்கு. பொருள் மாறவில்லை, இருக்கும் இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான். மானிடவியலாளர் மேரி டக்ளஸ் 1966இல் வெளிவந்த தம் புத்தகத்தில் அழுக்கைப் பற்றிய இந்தப் பழைய எண்ணத்தை விரித்து, அழுக்கு எங்கே உண்டோ அங்கே ஓர் ஒழுங்குமுறையும் உண்டு என்று காட்டினார். ஆனால் இரண்டு வயதுக் குழந்தையைப் பொறுத்தவரை சோறும் அதுவும் வேறுவேறல்ல. வாயில் ஒட்டியிருக்கிறது, கையில் ஒட்டியிருக்கிறது, சட்டையில் ஒட்டியிருக்கிறது. 'அங்கே போகாதே, அழுக்காயிடும்' என்று சொல்லும்போது எது அழுக்காக்கும் என்பதை நாம் சொல்வதில்லை. தமிழ் வாக்கியத்தில் எழுவாய் இல்லாமல் சமாளித்துவிடலாம். எழுவாய் இல்லாத அந்த இடத்தில் குழந்தை தன்னை வைத்துக்கொள்கிறது.

தீட்டு என்ற கருத்து இயங்குவதும் ஏறக்குறைய இதே விதமாகத்தான். அழுக்கைக் கழுவலாம், தீட்டைக் கழுவ முடியாது. ஆகவே அது வராமல் தடுக்க வேண்டும். தீட்டில் அழுக்கு என்பது ஒட்டிக்கொண்ட பொருளாக இல்லை, ஓர் ஆளாகவே இருக்கிறது. நம் கிராமத்து வீடுகளில் ஜமக்காளம் யாருக்கு விரிக்கப்பட்டது, யார் அதன் ஓரத்தில் உட்கார்ந்தார்கள், யாருக்கு வாசல் மண்ணே ஆசனமாயிற்று என்று ஞாபகப்படுத்திக்கொண்டால் போதும். துவைத்துப் போட நெய்த ஜமக்காளத்தையே தடுப்புச் சுத்தத்தின் கருவியாக நாம் மாற்றிக்கொண்டிருந்தோம். ஆக, குற்றம் நெசவில் இல்லை.

இரண்டையும் சமமாக்குகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். குழந்தையைக் குளிப்பாட்டித் துடைத்து அதே கம்பளத்தின் நடுவில் உட்கார்த்திப் போட்டோ எடுக்கிறோம். மற்றவருக்கு அந்தக் குளியல் ஒருநாளும் வரவில்லை. அவருடைய அவமானத்தைக் குழந்தையின் கோபத்துக்கு உபமானமாக்குவது மலிவான காரியம். நான் சொல்ல வருவது வேறு. ஓர் ஆளைப் பார்த்த மாத்திரத்தில் தன் விரிப்பு கெட்டுவிடுமே என்று பதறும் மனம் வானத்திலிருந்து குதிப்பதில்லை. அதற்கு எங்கோ ஒரு பயிற்சிக் கூடம் இருந்தாக வேண்டும். தடுக்கப்பட்ட குழந்தை தன்னை அழுக்கு என்று கற்றுக்கொள்வதோடு நிற்பதில்லை. குளித்தபின் உள்ளே சேர்த்துக்கொள்ளப்பட்டதும், வெளியே இருப்பவர்கள் அழுக்கு என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொள்கிறது. என் ஐந்து வயது மகன், கீழ் வீட்டுப் பையன் புழுதிக் காலுடன் வந்தபோது வாசலில் கையை விரித்து மறித்து நின்றான். அவனிடம் யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. தன் தாத்தா பாட்டியிடமிருந்து கேட்ட தொனியை அவன் தனக்கும் கீழே ஒருவன் கிடைத்ததும் உபயோகித்துக்கொண்டான்.

4

இதற்கு எதிர்ப்பக்கத்தில் தாராளவாதிகள் இருக்கிறார்கள். குழந்தை என்றால் சிந்தத்தான் செய்யும், கம்பளமா பெரிது, விடுங்கள் என்பவர்கள். பெரும்பாலும் ஆண்கள், பெரும்பாலும் அப்போது பேப்பர் படித்துக்கொண்டிருப்பவர்கள். 'கறை நல்லது' என்று ஒரு சலவைத் தூள் விளம்பரம் நம் வீடுகளுக்குள் வந்து வெகுகாலமாகிவிட்டது. அழகான சித்தாந்தம். குழந்தை சேற்றில் புரண்டு ஒரு நல்ல காரியம் செய்துவிட்டு வருகிறது, தாய் சிரிக்கிறாள், துணி வெளுக்கிறது. சிரிப்புக்கும் வெளுப்புக்கும் இடையில் இருக்கும் நேரம் மட்டும் திரையில் இல்லை. அனுமதி கொடுத்தவர் ஒருவர், அதற்கு விலை கொடுத்தவர் மற்றொருவர் என்பதை மறைத்தால்தான் இந்தத் தாராளம் தாராளமாகத் தோன்றும்.

இயந்திரம் இதைத் தீர்த்துவிடும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. லண்டனில் ஹியூபர்ட் ஸெஸில் பூத் என்ற பொறியாளர் தூசியை உறிஞ்சும் இயந்திரத்துக்கு 1901இல் காப்புரிமை பெற்றார். குதிரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்த் தெருவில் நிறுத்தி, ஜன்னல் வழியாக நீண்ட குழாயை உள்ளே விட்டு உறிஞ்சுவார்கள். 1902இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்கு முன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்துக் கம்பளத்தை அந்த இயந்திரம்தான் சுத்தம் செய்தது. பிறகு அது சிறுத்து வீட்டுக்குள் வந்தது. அப்புறம் என்ன ஆயிற்று என்பதை அமெரிக்கச் சரித்திர ஆசிரியை ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய புத்தகம் விளக்குகிறது. வீட்டுக் கருவிகள் வந்ததால் தாயின் வேலை நேரம் குறைந்துவிடவில்லை. கம்பளத்தை வெளியே எடுத்துப்போய்த் தொங்கவிட்டு அடிப்பது வருஷத்தில் சில நாட்களின் வேலையாக இருந்தது. ஆண்களும் பிள்ளைகளும் அதற்குக் கை கொடுத்தார்கள். இயந்திரம் வந்ததும் அவர்கள் விலகிக்கொண்டார்கள், சுத்தத்தின் அளவுகோல் உயர்ந்தது, அடிக்கடி செய்ய வேண்டியதாயிற்று, அத்தனையும் ஒருத்தி தலையில் வந்து விழுந்தது. கருவி உழைப்பைக் குறைத்தது வாஸ்தவம். யாருடைய உழைப்பை என்று கேட்டால்தான் சங்கடம். நம் வீடுகளிலோ அந்த ஒருத்திக்கும் கீழே, காலையில் மூன்று வீடு முடித்துவிட்டு நாலாவது வீட்டுக்கு வரும் இன்னொருத்தி இருக்கிறாள். அவளுடைய குழந்தை அந்த நேரத்தில் எந்தத் தரையில் இருக்கிறது என்று நாம் கேட்பதில்லை.

அப்படியானால் அனுமதி கொடுப்பவனே கழுவட்டும் என்று சொல்லிவிடலாமா? சொல்லலாம், ஆனால் அதுவும் முடிவல்ல என்பதற்குச் சத்திய சோதனையில் ஒரு சம்பவம் இருக்கிறது. 1898இல் டர்பன் வீட்டில் காந்தியோடு அவருடைய அலுவலகக் குமாஸ்தாக்களும் தங்கியிருந்தார்கள். அறைகளில் கழிவுநீர் போக வழியில்லாததால் இரவுச் சட்டிகள் இருந்தன. புதிதாக வந்த ஒரு குமாஸ்தா பஞ்சமப் பெற்றோருக்குப் பிறந்த கிறிஸ்தவர். அவருடைய சட்டியைக் காந்தியும் கஸ்தூர்பாவும் எடுக்க வேண்டியதாயிற்று. மற்றவர்களுடையதைப் பொறுத்துக்கொண்ட கஸ்தூர்பாவால் இதைப் பொறுக்க முடியவில்லை. அழுதுகொண்டே எடுத்துப் போனார். எடுத்தது போதாது, சந்தோஷமாக எடுக்க வேண்டும் என்றார் காந்தி. வார்த்தை வளர்ந்து, அவர் மனைவியின் கையைப் பிடித்து இழுத்து வாசல் கதவு வரை கொண்டுபோய்விட்டார். பிறகு வெட்கினார், அந்த வெட்கத்தை உலகம் படிக்க எழுதியும் வைத்தார்.

இந்தச் சம்பவத்தைக் காந்தியின் பெருமைக்காகவோ சிறுமைக்காகவோ படிப்பது எனக்குச் சம்மதமில்லை. அங்கே இரண்டு அநீதிகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஒரு மனிதரின் சட்டியை மட்டும் தீட்டாகப் பார்ப்பது ஒன்று. அந்தத் தீட்டை ஒழிக்கும் உன்னதக் காரியத்துக்கு இன்னொருத்தியின் கையை, அவள் முகபாவம் உட்பட, தன் உடைமையாகக் கொள்வது மற்றொன்று. காந்தி தாமும் கழுவியவர்தான். கழுவுகிறவனுக்கும் கூட, பக்கத்தில் கழுவுகிறவளின் சிரிப்பைக் கேட்கும் உரிமை கிடையாது என்பதைத்தான் அந்த வாசல் கதவு காட்டுகிறது. சலவைத் தூள் விளம்பரத்துத் தாயின் சிரிப்பையும் இதோடு சேர்த்து யோசிக்கலாம்.

5

ஆனாலும் கழுவுவதற்கு ஒரு தனி அறிவு உண்டு. இந்தப் பிரச்னையில் ஏதாவது வழி இருக்குமானால் அது அந்த அறிவிலிருந்துதான் வர வேண்டும் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டுக் கம்பளம் ஆறடிக்கு நாலடி. வடக்கே உத்தியோகம் பார்த்த என் மைத்துனர் மாற்றலாகி வரும்போது பதோஹியிலிருந்து வாங்கி வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்பது எங்களுக்குள் ஏற்பாடு. மண்ணை எடுக்க மேலே பெருக்குவதைவிட, கம்பளத்தைக் கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டுவது நல்லது. தட்டிவிட்டு எடுத்தால் கீழே தரையில் ஒரு வாரம் மெல்லிய மணலாகப் படிந்திருக்கும். பால் கொட்டினால் வெந்நீர் கூடாது. சூடு பட்டால் பாலின் சத்து இறுகி மயிரோடு பிடித்துக்கொள்ளும். பச்சைத் தண்ணீர், பழைய வேட்டித் துணி, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி எடுப்பது. தேய்த்தால் கறை பரவும், மயிரும் பிரியும். சிறுநீரை உடனே ஒற்றிவிட்டால் பெரிய சேதமில்லை. விட்டுவிட்டால் நாள்பட அம்மோனியாவாகி நாற்றத்தோடு சாயத்தையும் கெடுக்கும். சாம்பாரின் மஞ்சளுக்குச் சோப்புப் போட்டால் சிவப்பாக மாறிப் பயமுறுத்தும். அவசரப்படாமல் அலசி வெயிலில் வைத்தால் மெல்ல வெளுக்கும். பேனா மசி மட்டும் போகவே போகாது.

இதை வீட்டுக் குறிப்பாகச் சொல்லவில்லை. இது தெரிந்த பிறகு தடை என்பதன் குணமே மாறிவிடுகிறது. கழுவத் தெரியாதவனுக்கு எல்லாக் கறையும் ஒன்றுதான். ஆகவே அவன் எல்லாவற்றையும் தடுக்கிறான், அல்லது எல்லாவற்றையும் விட்டுவிடுகிறான். கட்டுப்பெட்டியும் தாராளவாதியும் இந்த ஒரு விஷயத்தில் சகோதரர்கள். இருவருமே கையை நனைக்காதவர்கள். கழுவுகிறவனுக்குத்தான் பாலுக்கும் மசிக்கும் வித்தியாசம் தெரியும். அவனால் பாலை விடவும் மசியைத் தடுக்கவும் முடியும். தடுக்கும்போது காரணமும் அவனிடம் இருக்கிறது. 'கம்பளம் கெட்டுடும்' என்பதற்குப் பதில், 'இது போகாது, அப்பா தேச்சுத் தேச்சுப் பாத்துட்டேன்' என்று சொல்ல முடிகிறது. முதல் வாக்கியத்தில் குழந்தைக்கு எதிரே ஒரு பொருள் நிற்கிறது, பெற்றவர் பொருளின் கட்சியில் இருக்கிறார். இரண்டாவதில் குழந்தைக்கு எதிரே நிற்பது ஒரு மனிதரின் உழைப்பு. பொருளை மதிக்கச் சொல்லிக் குழந்தையிடம் கேட்பதற்கு எனக்கு நியாயம் எதுவும் தெரியவில்லை. உழைப்பை மதிக்கச் சொல்லிக் கேட்கலாம். இரண்டரை வயது மகளுக்கு அது புரிகிறதா என்றால் பாதி புரிகிறது. துணியைப் பிடுங்கிக்கொண்டு தானும் ஒற்றுகிறாள். கறையைக் கொஞ்சம் பரப்புகிறாள்.

6

உழைப்பை மதிப்பது என்று சொன்ன பிறகு கம்பளத்தின் முதுகை மறந்துவிட முடியாது. கவிழ்த்துப் போட்டுத் தட்டும்போது அதுதான் கண்ணெதிரே இருக்கிறது. பாங்கில் வேலை பார்ப்பவனின் பழக்கம், எண்ணிப் பார்த்தேன். அங்குலத்துக்கு எட்டு வரிசை, வரிசைக்கு எட்டு முடிச்சு. சதுர அங்குலத்துக்கு 64. கம்பளம் 3,456 சதுர அங்குலம். பெருக்கினால் 2,21,184 முடிச்சுகள். ஒவ்வொன்றையும் யாரோ விரலால் போட்டிருக்கிறார்கள்.

பதோஹி, மிர்ஸாபூர் வட்டாரத்துத் தறிகளில் குழந்தைகள் உட்கார்த்தப்பட்டிருந்ததும், கடனுக்கு ஈடாகப் பிடித்து வைக்கப்பட்டிருந்ததும் சரித்திரம். சின்ன விரல்களால்தான் நுண்ணிய முடிச்சுப் போட முடியும் என்று வியாபாரிகள் சொல்லிவந்தார்கள். 1990களில் சர்வதேசத் தொழில் அமைப்புக்காக நடந்த ஆய்வு இதைப் பொய்யாக்கியது. மிக நுண்ணிய முடிச்சுகளைப் போடுவதில் குழந்தைகள் பெரியவர்களை மிஞ்சிவிடவில்லை. விரல் சின்னது என்பதைவிடக் கூலி சின்னது என்பதே காரணம். 1986இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம், குழந்தைகளை ஈடுபடுத்தக்கூடாத வேலைகளின் பட்டியலில் கம்பள நெசவைச் சேர்த்தது. சேர்த்த கையோடு, குடும்பத்தினரின் உதவியால் நடக்கும் பட்டறைக்கு இது பொருந்தாது என்று விலக்கும் அளித்தது. தறிக்காரன் தறியில் உட்கார்ந்திருக்கும் எந்தப் பையனையும் தன் தம்பி என்று சொல்லிவிடலாம். கைலாஷ் சத்யார்த்தியின் முயற்சியில் 1994இல் 'ரக்மார்க்' முத்திரை வந்தது: குழந்தைகளைக் கொண்டு நெய்யாதது என்பதற்கான அடையாளம். பின்னால் அது 'குட்வீவ்' என்று பெயர் மாறியது. சத்யார்த்திக்கு 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. 2016இல் சட்டத்தைத் திருத்தியபோது பதினாலு வயதுக்குட்பட்டோருக்கு எல்லா வேலையையும் தடை செய்தார்கள். பள்ளி நேரத்துக்குப் பிறகு குடும்பத்துக்கு உதவுவது என்ற விலக்கை, அபாயகரமான தொழில்கள் நீங்கலாக, மறுபடியும் வைத்துக்கொண்டார்கள்.

குடும்பம் என்ற வார்த்தை இங்கே செய்யும் வேலையைக் கவனியுங்கள். பட்டறையில் வேலை என்று பெயர் பெறுவது வீட்டு வாசலுக்குள் வந்ததும் உதவி, பாசம், கடமை என்று பெயர் மாறிச் சட்டத்தின் கண்ணிலிருந்து மறைகிறது. கம்பளத்தை நெய்த குழந்தைக்கும் கம்பளத்தைக் கழுவும் மனைவிக்கும் பொதுவான இடம் இதுதான். இருவருடைய உழைப்பும் உழைப்பாகக் கணக்கில் வரவில்லை. எங்கள் கம்பளத்தின் முதுகில் எந்த முத்திரையும் இல்லை. அந்த முடிச்சுகளில் குழந்தையின் கை இருக்கிறதா என்பதை முடிச்சைப் பார்த்துச் சொல்ல வழியும் இல்லை.

ஒரு குழந்தையைக் கம்பளத்தின் அருகே வராதே என்கிறோம். இன்னொரு குழந்தையைக் கம்பளத்தை விட்டு எழுந்திருக்காதே என்று யாரோ நமக்காகச் சொல்லியிருக்கக்கூடும். இரண்டு கட்டளைகளிலும் கம்பளத்தின் க்ஷேமம்தான் முக்கியம்.

கம்பளத்தை மிதிக்கத் தயங்குவது பற்றி நான் அறிந்த மிகப் பழைய காட்சி கி.மு. 458இல் ஏதென்ஸில் அரங்கேறிய ஈஸ்கிலஸின் 'அகமெம்னான்' நாடகத்தில் இருக்கிறது. கல்லூரியில் இதை நாயகனின் கர்வத்துக்கு உதாரணமாகப் படித்தோம். ட்ராயை வென்று திரும்பும் அரசன் ரதத்திலிருந்து இறங்கி நடக்க, மனைவி க்ளைடெம்னெஸ்ட்ரா விலையுயர்ந்த செந்நிறத் துணிகளை வழியெங்கும் விரிக்கச் சொல்கிறாள். அவன் தயங்குகிறான். தெய்வங்கள் பொறாமைப்படும் என்பது ஒரு காரணம். வெள்ளி கொடுத்து வாங்கிய துணியைக் காலால் கெடுத்து வீட்டுச் சொத்தைப் பாழாக்க வெட்கமாயிருக்கிறது என்பது இன்னொன்று. கடைசியில் காலணியைக் கழற்றச் சொல்லிவிட்டுத்தான் மிதிக்கிறான். நல்ல பழக்கம், எந்தத் தாயும் பாராட்டுவாள். ஆனால் சபையோர் சற்று முன்னால்தான் ஒரு செய்தியைக் கோரஸின் வாயால் கேட்டிருக்கிறார்கள். கப்பல்களுக்குச் சாதகமான காற்று வேண்டி இவன் தன் மகள் இஃபிஜெனியாவைப் பலி கொடுத்தவன். துணியைக் கண்டு கூசிய கால் அங்கே கூசவில்லை. மனைவி துணியை விரித்தது அவன் கர்வத்தைச் சோதிக்க என்று எங்களுக்குச் சொன்னார்கள். அவனுடைய கூச்சம் எதற்கு வரும், எதற்கு வராது என்பதை எல்லோரும் பார்க்கட்டும் என்று விரித்தாள் என எனக்கு இப்போது தோன்றுகிறது.

நம் கூச்சங்களும் அப்படித்தான் இடம் மாறிக் கிடக்கின்றன. விருந்தாளி வரும்போது கம்பளத்தில் கறை தெரிந்தால் காது சிவக்கிறது. அதைச் சுத்தமாக வைக்கக் குழந்தை எத்தனை தடவை அதட்டப்பட்டது, யார் முட்டி போட்டுத் துடைத்தார்கள், யார் நெய்தார்கள் என்பவை விருந்தாளியின் கண்ணில் படாது. ஆகவே நமக்கும் கூச்சம் இல்லை. சுத்தமாயிருப்பது என்பதன் மூலம் ஒரு வீடு தன்னைப் பற்றி எதையும் நிரூபித்துவிடுவதில்லை. ஆள் வராத வீடும் சுத்தமாயிருக்கும். அடிமைகள் இருந்த வீடுகள் மிகவும் சுத்தமாயிருந்தன.

கம்பளத்தை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பெரிய யோசனை இல்லை. விற்றுவிடலாம், முடிச்சுகள் அவிழ்ந்துவிடப் போவதில்லை. சுருட்டிப் பரண்மேல் வைக்கலாம். அது தடுப்புச் சுத்தத்தின் பரிபூரண நிலை. கீழே விரித்து, குழந்தைகளை அதன் மேல் விட்டு, சிந்தியதைக் கூட உட்கார்ந்து ஒற்றி எடுப்பதே எனக்குச் சரியென்று படுகிறது. நெய்த கை ஒரு குழந்தையின் கையாக இருந்திருக்குமானால், அதன் மேல் உட்கார வேறு யாரைவிடவும் ஒரு குழந்தைக்கே உரிமை அதிகம்.